காய்ச்சல் குறைந்தால் அஞ்சு காசு

அன்று காலை எண்ணெய்க் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். கொசு ஒழிப்பு வேலையில் எங்களுக்கு மேலே அவர்தான்.

ஆஸ்பத்திரி டிரசர் தேவசகாயம், டாக்டருக்கு உதவியாள். கையில் நோயாளி பதிவுப் புத்தகம்.

ஆத்துப் பக்க மண்டோர், அதாவது கேங்கு மேஸ்திரி, பாக் ஹமிட். மலாய்க்காரர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார்.

கடைத்தெரு மண்டோர் சுப்பையா.

மலைப் பக்க மண்டோர் நான்.

என் கேங்கில் முனியாண்டி. எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு அடிக்கிறவன். அவன் சம்சாரம் அஞ்சலை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் புல் வெட்டுகிறவள். காளியப்பன், வாய்க்காரன். இன்னும் மூன்று ஆண்கள்.

மற்ற இரண்டு கேங்கு ஆட்களும் வெளியே வெயிலில் நின்றார்கள்.

இதை எழுதச் சொன்னது தொழிற்சங்கத்துப் பிள்ளைகள். இப்போது சர்க்கார் ஆளுக்கு ஆள் மார்க் போட்டு, அதை வைத்துச் சம்பளம் கூட்டப் போகிறதாம். "ஏன் மண்டோரே சர்க்கார் இப்படிச் செய்யுது? உங்க காலத்துல இருந்ததா?" என்று கேட்டார்கள். நான் மூணாம் வகுப்பு. காரணம் எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

கப்பலில் வந்தபோது எனக்கு மீசை இல்லை. முதலில் ரப்பர் தோட்டம். பிறகு ரோட்டு வேலை. பிறகு ஜொகூரில் கோத்தா திங்கிக்கு உள்ளே ஒரு சின்ன ஊரில் கொசு வேலை. ஊர் பேர் வேண்டாம். வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் ஆனது.

வேலை இதுதான். தண்ணீர் நிற்கிற இடம், மெதுவாக ஓடுகிற இடம், எல்லாவற்றிலும் வாரம் ஒரு தடவை எண்ணெய் அடிக்க வேண்டும். மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் கலந்தது. தண்ணீர் மேல் படலம் விழுந்து வானவில் மாதிரி மின்ன வேண்டும். மின்னாத இடத்தில் கூத்தாடிப் புழு மூச்சு விடும். ஒரு வாரம் தவறினால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். புழுவிலும் இரண்டு உண்டு. தலைகீழாகத் தொங்கினால் சும்மா கொசு. தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடந்தால் காய்ச்சல் கொசு.

கனகசபை ஐயா எப்படி என்றால், சத்தம் போட மாட்டார். வெள்ளைக் கால்சட்டை, குடை, ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை. கானில் தானே இறங்குவார். கோப்பையைச் சாய்த்து, நிழல் விழாமல், ஓரத்தில் மெதுவாக மொள்ளுவார். கோப்பையில் புழு இருந்தால் திட்ட மாட்டார். கோப்பையை நம் கையில் கொடுப்பார். நாம் பார்க்க வேண்டும். அவர் பேச மாட்டார். நாமாக வாயைத் திறக்கிறவரை நின்றுகொண்டே இருப்பார். அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கலாம் என்று காளியப்பன் சொல்வான்.

அன்று கொட்டகையில் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைப் படித்தார். ரப்பர் விலை விழுந்து, தோட்டமெல்லாம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கூலியையும் போன மாதம்தான் குறைத்திருந்தார்கள்.

காகிதத்தில் இருந்தது இது. ஒவ்வொரு மாதமும் எந்தப் பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் ஆள் வந்தது என்று பதிவுப் புத்தகத்தில் எண்ணுவார்கள். எண்ணிக்கை எல்லாவற்றிலும் குறைவாக இருக்கிற பக்கத்து கேங்குக்கு நாள் கூலியில் அஞ்சு காசு கூட. எண்ணிக்கை அதிகமான பக்கம், ஆள் குறைக்கும்போது முதலில் போகும்.

காளியப்பன் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அப்ப இதுநாள் வரைக்கும் நாங்க சும்மாவா இருந்தோம்?"

"அதில்லைக் காணும்," என்றார் ஐயா. "காசு இருக்கேக்க சர்க்கார் 'எவ்வளவு எண்ணெய் ஊத்தினனீர்' எண்டு கேட்டது. இப்ப காசு இல்லை. 'காய்ச்சல் எவ்வளவு குறைஞ்சது' எண்டு கேக்கினம். ஊத்தின எண்ணெய்க்குக் காசு இல்லை. குறைஞ்ச காய்ச்சலுக்குத்தான் காசு."

"எங்களைப் பாத்தாத் தெரியாதாங்க ஐயா, வேலை செய்யிறோமா இல்லையான்னு?"

"ஆர் பாக்கிறது? மேல இருக்கிறவைக்கு உன்னைத் தெரியாது. என்னையும் தெரியாது. ஒரு எண்தான் அங்க போய்ச் சேரும்."

பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு அவர் அன்றே பதில் சொல்லிவிட்டார் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அஞ்சு காசுதான் காதில் விழுந்தது.

பாக் ஹமிட் கையைத் தூக்கினார். "துவான், ஒரு சந்தேகம். கொசு பாஸ் வாங்கிக்கிட்டா பறக்குது? என் பக்கம் பொறந்து அவன் பக்கம் கடிச்சா காசு யாருக்கு லா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாகூடச் சிரிப்பை மறைக்க வாயை மூடிக்கொண்டார்.

"சுப்பையாண்ணனுக்கு யோகம்," என்றான் காளியப்பன். "கடைத்தெரு பூரா சிமெண்டு கான். கையைக் கட்டிக்கிட்டு நின்னாலே அஞ்சு காசு."

"ஏன்டா வயித்தெரிச்சல்? மலையடியில வேலைன்னு உன் தலையில எழுதியிருக்கு. போய் அள்ளு," என்றார் சுப்பையா.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சட்டம் வந்த முதல் மாதம் வேலை நன்றாக நடந்தது. வழக்கமாக மூலையை விட்டுவிட்டு வருகிற காளியப்பன் மூலை மூலையாகப் போனான். முனியாண்டி ஞாயிற்றுக்கிழமை தானாக மலையடிக்குப் போய், புதருக்கு அடியில் ஊற்று கசிகிற இடங்களைக் கண்டுபிடித்து வந்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். வெயில் படுகிறது. காய்ச்சல் கொசுவுக்கு அதுதான் பிடிக்கும். அதுவரை அங்கே யாரும் எண்ணெய் அடித்ததில்லை. யாரும் சொல்லவும் இல்லை. கல் போட்டு அடைத்து எண்ணெய் அடித்தோம். எப்போதும் கடைசியில் இருக்கும் மலைப் பக்கம் அந்த மாதம் இரண்டாவதாக வந்தது. அஞ்சு காசு சுப்பையாவுக்குத்தான். ஆனால் நாங்கள் கடைசி இல்லை.

அடுத்த மாதம் மழை பிடித்தது.

காலையில் அடித்த எண்ணெய் மத்தியானம் ஆற்றில் போகும். மலையடியில் நாங்கள் அடைத்த கல்லெல்லாம் உருண்டு வந்துவிட்டது. ஐயா கோப்பையைக் கொண்டுவந்தார். மொண்டார். என் கையில் கொடுத்தார். ஏழெட்டுப் புழு, படுத்துக் கிடந்தது.

"மழை ஐயா," என்றேன்.

"தெரியும்," என்றார். கோப்பையை வாங்கிக்கொண்டார்.

பாதி மாதத்தில் இன்னொரு காகிதம் வந்தது. மாதக் கடைசியில் ஒரு கேங்கைக் குறைக்க வேண்டும். வேலை போனவர்களுக்குச் சும்மா டிக்கெட், நாகப்பட்டினத்துக்குக் கப்பல். எந்த கேங்கு என்று பதிவுப் புத்தகம் சொல்லும்.

கப்பல் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியாது. முனியாண்டி பஞ்சத்தில் கிளம்பி வந்தவன். அங்கே ஒரு ஆள் இல்லை, ஒரு குழி நிலம் இல்லை. காளியப்பனுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் இங்கே பிறந்தது. எங்கே போய் இறங்குவது?

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. மழை கூடியது. கொசு கூடியது. ஆஸ்பத்திரியில் ஆள் குறைந்தது.

சந்தையில் டிரசர் என்னைப் பார்த்து, "என்ன மண்டோர், கட்டிலெல்லாம் காலியாக் கெடக்கு. நல்லா எண்ணெய் அடிக்கிறீங்க போல," என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. புத்தகத்தில் அந்த மாதம் அதுவரை மலைப் பக்கம் மூன்று, ஆத்துப் பக்கம் மூன்று, கடைத்தெரு ஒன்றும் இல்லை. அதையும் அவரேதான் சொன்னார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. நான் கான் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். அஞ்சலைக்கு உரிய இடத்தில் புல் வெட்டியிருந்தது. ஆனால் அவள் வெட்டு இல்லை. அவள் வெட்டினால் மண்ணோடு போகும். இது மேலாகச் சீவி, அடி நின்றது.

முனியாண்டியைக் கூப்பிட்டேன்.

"யார்ரா வெட்டினது?"

"நான்தான் மண்டோரே. அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

அஞ்சலைக்கு அக்கா கிடையாது. அவர்களுக்குக் கல்யாணம் பேசி வைத்தவன் நான்.

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். "மண்டோரே, மண்டோரே" என்று மட்டும் சொன்னான். அவன் வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருந்தது. சன்னலில் கோணிச் சாக்கு. தள்ளினேன்.

அஞ்சலை தரையில் கிடந்தாள். மேலே இரண்டு சாக்கு, ஒரு கம்பளி. அப்படியும் பல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கடையில் வாங்கிய கொயினா, காய்ச்சல் மருந்துப் பொட்டலம். பாதியை வாந்தி எடுத்திருந்தாள். "அஞ்சலை" என்றேன். கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. கண் மேலே போய்விட்டது. பேச்சு குழறியது.

"எத்தனை நாளா?"

"இன்னைக்கு அஞ்சு."

"ஆஸ்பத்திரி அரை மைல்ல இருக்குடா!"

"நான் போக வேணாம்னு சொல்லல மண்டோரே. அவதான் மாட்டேன்னா. 'நான் ஒருத்தி போய்ப் படுத்தா மூணு நாலாயிடும், எல்லாரும் கப்பல் ஏறணும், அந்தப் பழி எனக்கு வேணாம்'னா."

வாசலில் நிழல் விழுந்தது. காளியப்பன். பின்னால் மற்ற மூன்று பேர். அவர்களுக்கு முன்பே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. மண்டோரிடம் சொன்னால் மண்டோர் எழுத வேண்டி வரும் என்று சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் மண்டோரே," என்றான் காளியப்பன். "ஒண்ணாந்தேதி விடிஞ்சதும் நானே தோள்ல தூக்கிட்டுப் போறேன். அது அடுத்த மாசக் கணக்கு."

"ரெண்டு நாள் தாங்குவாளா?"

"எங்க மாமிக்கு இப்படித்தான் வந்துச்சு. தாங்கிச்சு."

"கண்ணைப் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. "எனக்கு மூணு புள்ளைங்க மண்டோரே. உங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. நீங்க எங்க வேணா கஞ்சி குடிப்பீங்க."

அது உண்மை. வெளியே போய் எண்ணெய்ப் பீப்பாய் தள்ளுகிற கைவண்டியைக் கொண்டுவந்தேன். பீப்பாயை உருட்டிவிட்டுப் பலகை போட்டேன். முனியாண்டியும் நானும் அவளைத் தூக்கிப் படுக்க வைத்தோம். எண்ணெய் நாற்றத்துக்கு அவள் மறுபடி வாந்தி எடுத்தாள்.

காளியப்பன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். ஏர்க்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெரிய உடம்பு. மழை தூற ஆரம்பித்தது. லயத்து வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். காளியப்பன் சம்சாரமும் நின்றாள், இடுப்பில் குழந்தையோடு.

"விடு," என்றேன்.

"விட மாட்டேன்."

முனியாண்டி அழவில்லை. சண்டைக்கும் போகவில்லை. தன் தலைத்துண்டை எடுத்து அஞ்சலை முகத்தில் மழை விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். யார் ஜெயித்தாலும் அவன் அப்படியே நின்றிருப்பான்.

அவள் கால் வண்டிக்கு வெளியே தொங்கியது. உடம்பு ஒருமுறை விறைத்து வெட்டியது. அந்தக் கால் காளியப்பன் வயிற்றில் இடித்தது. அப்போதுதான் அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். யாரைச் சொன்னான் என்று தெரியாது. ஏர்க்காலைத் தூக்கி இழுக்க ஆரம்பித்தான்.

"கப்பல்ல எனக்குப் பக்கத்துலதான் நீங்க உக்காரணும்," என்றான் என்னிடம். "வழி பூரா திட்டிக்கிட்டே வருவேன்."

"சரி," என்றேன்.

ஆஸ்பத்திரியில் டிரசர் அவளைப் பார்த்ததும் கட்டில் காட்டினார். புத்தகத்தைத் திறந்தார். பேனாவை மையில் தொட்டார். எழுதவில்லை. வெளியே பார்த்தார், யாரும் இல்லை. மெதுவாகச் சொன்னார்.

"மண்டோர், கட்டில் இப்பவே தர்றேன். பேரை ஒண்ணாந்தேதி எழுதிக்கிறேன். ரெண்டு நாள்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் நல்ல மனிதர். எங்களுக்காகத்தான் சொன்னார். காளியப்பன் என்னைப் பார்த்தான். நானும் அதற்கு ஆசைப்பட்டேன்.

"ஊசி எப்பப் போடுவாங்க?" என்று கேட்டேன்.

டிரசர் பேனாவைக் கீழே வைத்தார். "கொயினா ஊசி டாக்டர்தான் போடணும். டாக்டர் புத்தகத்தைப் பாத்து, பேர் இருக்கிற நோயாளியைத்தான் பாப்பார். இன்னைக்கு நான் மாத்திரை குடுக்கலாம்."

"மாத்திரையை வாந்தி எடுக்கிறா."

"ஆமா."

"அப்ப எழுதுங்க."

"எந்தப் பக்கம்?" என்று சட்டப்படி கேட்டார். அவருக்குத் தெரியும்.

நான் வாயைத் திறக்குமுன் முனியாண்டி சொன்னான். "மலைப் பக்கம்."

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் ஊசிக்கு வேலை இருந்திருக்காது, குழி வெட்டத்தான் ஆள் வேண்டியிருந்திருக்கும் என்றாராம். டிரசர் சொன்னார்.

ஒண்ணாந்தேதி காலை மறுபடி எண்ணெய்க் கொட்டகை. அதே ஆட்கள், அஞ்சலை தவிர. காளியப்பன் பெட்டி கட்டிவிட்டேன் என்று சொன்னான். விளையாட்டுக்கா நிஜமா தெரியவில்லை.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். கடைத்தெரு, இல்லை. ஆத்துப் பக்கம், மூன்று. மலைப் பக்கம், நாலு.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மண்டோர், அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து எத்தனையாம் நாள் கொண்டந்தனீர்?"

"அஞ்சாம் நாள் ஐயா."

"ஏன்?"

காளியப்பன்தான் சொன்னான். "கப்பலுக்குப் பயந்துங்க ஐயா."

ஐயா டிரசர் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். கோப்பையைக் கொடுக்கிற மாதிரியே கொடுத்தார். நான் பார்த்தேன். என்னிடம் இருந்து பாக் ஹமிட். பாக் ஹமிட்டிடம் இருந்து சுப்பையா. சுப்பையா பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா பேசவில்லை. எங்களில் ஒருவர் வாயைத் திறக்கிறவரை நின்றார்.

"அலாமாக்," என்றார் பாக் ஹமிட் மெதுவாக. "துவான், என் வீட்டிலேயே ரெண்டு பேரு படுத்திருக்கு."

"சரி," என்றார் ஐயா. "நான் இண்டைக்குக் கப்பல் லிஸ்ட் அனுப்ப மாட்டன். ஒருத்தற்றை பேரும் எழுத மாட்டன். போய், படுத்துக் கிடக்கிற எல்லாரையும் இந்த முற்றத்துக்குக் கொண்டாங்கோ. எந்தப் பக்கம் எண்டு கேக்க மாட்டன்."

முதலில் யாரும் நகரவில்லை. பாக் ஹமிட் தலையில் இருந்த சொங்கோக் தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போனார். பிறகு என் ஆட்கள் போனார்கள். சுப்பையா கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் எழுந்தார். திரும்பி வரும்போது அவர் தோளில் அவர் தம்பி.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலை பிழைத்தாள். தலைமுடி கொட்டிவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி மண்ணோடு புல் வெட்டினாள். ஐயா எண்ணிக்கையை எழுதி மேலே அனுப்பினார். அந்த மாதம் கப்பலுக்கு எங்கள் ஊரிலிருந்து யாரும் போகவில்லை. பிறகு எல்லார் கூலியிலும் இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள், எல்லாரும் இருந்தோம். காய்ச்சலை எண்ணுவதை விட்டுவிட்டு, கோப்பையில் புழுவை எண்ணி அஞ்சு காசு கொடுத்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் ஐயா நடக்கிற பாதையில் மட்டும் எண்ணெய் பளபளக்கச் செய்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஐயாவுக்கு அந்த வருஷம் சம்பளம் கூட்டவில்லை என்று டிரசர்தான் சொன்னார். அவர் மாவட்டத்துக் காய்ச்சல் எண்ணிக்கை ஒரே நாளில் ஏறிவிட்டதாம். அவருக்கும் ஒரு எண் இருந்தது, அது எங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகள் இது நல்லதா கெட்டதா என்று கேட்கிறார்கள். முனியாண்டி ஞாயிற்றுக்கிழமை மலையடிக்குப் போனதும் அஞ்சு காசுக்காகத்தான். அஞ்சலை சாக்குக்கு அடியில் கிடந்ததற்கும் அந்தக் காகிதம்தான் காரணம். எனக்கு இரண்டும் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அந்த ஒண்ணாந்தேதி மத்தியானம் கொட்டகை முற்றத்தில் பாய், சாக்கு, கதவுப் பலகை எல்லாம் விரித்துப் படுக்க வைத்தோம். மழை விட்டிருந்தது. டிரசர் வரிசையாக நடந்து ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டு எண்ணினார். நானும் பின்னால் நடந்து எண்ணினேன்.

புத்தகத்தில் மூன்று பக்கமும் சேர்த்து ஏழு.

முற்றத்தில் நாற்பத்தொன்று.